வெயிலில் வெளுத்த பம்பர் மீண்டும் கருப்பாகுமா?

வேலூரில் வெட்டவெளியில் நிற்கும் காரின் கருப்பு பிளாஸ்டிக் பாகங்கள் சாம்பல் பூத்துவிட்டன, சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும்.

முதலில் கார் ஷாம்பு போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். வெறும் வாக்ஸ் படிவென்றால் போய்விடும். போகவில்லையா, புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சிதைத்திருக்கிறது. அந்த நுண்ணிய வெடிப்புகளில் ஒளி சிதறித்தான் வெளுப்பாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், தூசிதான் அப்பும். சிலிக்கோன் பாலிஷ் மழையில் சீக்கிரம் கழுவிப் போய்விடும். பிளாஸ்டிக்குக்கான செராமிக் கோட்டிங், அதாவது மேலே கெட்டியாகப் படியும் காப்புப் பூச்சுதான் என் தேர்வு, மாதக்கணக்கில் நிற்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் பிசுக்குப் போகத் துடைத்து, காய்ந்ததும் மெல்லிசாகப் பூசுங்கள். மே மாதம் நம்மூரில் 40 டிகிரி தாண்டும். சூடேறிய பிளாஸ்டிக்கில் பூசினால் திட்டுத்திட்டாகிவிடும். அதனால் விடியற்காலையில், நிழலில் செய்யுங்கள். அனல் காற்றடித்துக் கருப்பாக்கும் ஹீட் கன் வேண்டாம், பக்கத்துப் பெயின்ட் கெட்டுவிடும்.