பரிசு என்று எழுதாதீர்கள்

கேள்வி: ரயில்வே ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் 78 நாள் சம்பளத்தை மத்திய அரசு தீபாவளிப் பரிசாகத் தருகிறது. அப்படியிருந்தும் 1974-ல் நாடு முழுக்க ரயிலை நிறுத்தி, கடைசியில் எதுவும் கிடைக்காமல் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த வேலைநிறுத்தம் படுதோல்விதானே?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: தோல்வியா என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கேள்வியில் ஒரு சொல் உறுத்துகிறது: பரிசு. உங்களைக் குறை சொல்லவில்லை. மத்திய அமைச்சரவை போனஸுக்கு ஒப்புதல் கொடுத்த மறுநாள் காலை, எத்தனையோ நாளிதழ்கள் இந்தச் சொல்லைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. படித்ததை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சண்டை எனக்கும் என் தொழிலில் இருப்பவர்களுக்கும்தான். அது பழைய சண்டை.

ஓட்டப் பந்தயத்தில் முந்தி வந்த பிள்ளைக்குக் கொடுப்பது பரிசு. வள்ளலைப் பாடிப் புலவர் பெற்றது பரிசில். பெண் வீட்டுக்குத் தட்டில் கொண்டுபோவது பரிசம். ஒரு காலத்தில் பஸ் நிலையங்களில் கூவி விற்ற சீட்டில் எண் விழுந்தால் அதுவும் பரிசுதான். கல்யாண வீட்டில் வைக்கும் மொய்யைக்கூட நம் ஊரில் யாரும் பரிசு என்று சொல்லுவதில்லை. அதற்கு நோட்டு உண்டு, பெயர் உண்டு, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு உண்டு. பதினைந்து வருடம் முன்பு யார் ஐம்பத்தொரு ரூபாய் வைத்தார் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு நோட்டைப் புரட்டாமலே தெரியும். தைக்கக் கொடுத்த துணி நம்முடையது, கூலியும் நம்முடையது என்னும்போது, தையற்காரர் சட்டையை மடித்து நீட்டி "என் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டா வருவோம்? கடையிலேயே நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தானே வருவோம்! ரயில்வேத் தொழிலாளி கேட்டதும் அந்த நாலு வார்த்தைதான். அதற்குத்தான் சிறைக்கும் போனார்.

போனஸுக்குத் தொழிற்சங்கத்தார் வைத்த பெயர் 'கொடுபடா ஊதியம்'. கொடுத்திருக்க வேண்டிய கூலி, கொடுக்கப்படாமல் நின்ற கூலி. இதைவிடத் துல்லியமான தமிழை எந்தத் தலைப்பிலும் நான் பார்த்ததில்லை.

1965-ல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் முதலில் ஆண்டுச் சம்பளத்தில் 4 சதவீதம். 1972-ல் அது 8.33 ஆனது. நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒரு மாதச் சம்பளம். ஆனால் அரசுத் துறையாகவே நடக்கும் நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. தனியார் ஆலையில் இரும்பு அடிப்பவருக்கு போனஸ் உண்டு. திருச்சி பொன்மலை ரயில்வேப் பணிமனையில் இரும்பு அடிப்பவருக்கு இல்லை. அடிக்கிற அடியிலும் சிந்துகிற வியர்வையிலும் என்ன வித்தியாசம் இருந்தது?

மற்றக் குறைகளும் சேர்ந்தன. மத்திய அரசு ஊழியர்களுக்கான மூன்றாவது ஊதியக் குழு 1973-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 185 ரூபாய் என்றது. அரசு மனமிரங்கி 196 ஆக்கியது. அதே காலத்தில் விலைவாசி ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. நீராவி இஞ்சின் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் ஒரே மூச்சில் பதினாலு மணி நேரம், அதற்கு மேலும் நெருப்புக்கு முன்னால் நின்றார்கள். எட்டு மணி நேர வேலை என்று உலகமெல்லாம் மே தினம் கொண்டாடிக்கொண்டிருக்க, இவர்கள் 1973 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்துதான் பத்து மணி நேரம் என்ற வாக்குறுதியையே வாங்க முடிந்தது. அந்த வாக்குறுதியும் ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை.

ரயில்வேயின் வேலைநேர விதிகளில் ஊழியர்களை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவினை. அதில் ஒரு வகை, விட்டுவிட்டு வேலை பார்ப்பவர்கள். அதாவது, இரண்டு ரயிலுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பதால், அவர்களைப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருக்கலாம் என்பது கணக்கு. போக்குவரத்து குறைந்த லெவல் கிராஸிங்கில் கேட்கீப்பர் இப்படித்தான். தொலைபேசி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, தூங்கினால் உயிர்ப்பலி என்ற நிலையில் உட்கார்ந்திருப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர், ஓர் இரவாவது அந்தக் கேபினில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இதை இந்தப் பக்கத்தில் நான் முன்பும் எழுதியிருக்கிறேன். விதி மாறும்வரை எழுதுவேன்.

சரி, 1974. அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவராக ஜார்ஜ் பெர்னாண்டஸ் முந்தைய ஆண்டின் கடைசியில்தான் வந்திருந்தார். பிப்ரவரியில் பல சங்கங்கள் சேர்ந்து தேசிய ஒருங்கிணைப்புக் குழு அமைத்தன. போனஸ், எட்டு மணி நேர வேலை, பொதுத்துறை நிறுவனங்களுக்கு இணையான சம்பளம், தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவது, விலைவாசிக்கு ஏற்ற பஞ்சப்படி ஆகியவை கோரிக்கைகள். ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே மே 2-ஆம் தேதி லக்னோவில் பெர்னாண்டஸைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது மே 8-ஆம் தேதி.

தேதிகளைக் கவனியுங்கள். தலைவர் சிறைக்குள் போய் ஆறு நாள் கழித்துத்தான் போராட்டமே தொடங்குகிறது. பிறகு இருபது நாள் நடக்கிறது. சுமார் 17 லட்சம் பேர். ஆனால் இன்றைக்கும் அதை 'ஜார்ஜ் பெர்னாண்டஸ் நடத்திய வேலைநிறுத்தம்' என்றே எழுதுகிறார்கள். அவர் துணிச்சலான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் விலங்கிட்ட கையை உயர்த்திக் காட்டிய அந்தப் புகைப்படம் யாருக்கும் மறக்காது. ஆனால் அந்த ஒரு புகைப்படம் 17 லட்சம் பேரின் முகத்தை மறைத்துவிட்டது. இருபது நாளும் வெளியே நின்று தாங்கியவர்கள் தடம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன், கார்டு, இஞ்சின் கொட்டகையில் உதவி வேலை பார்க்கும் கலாசி. அவர்களைவிட அதிகமாகத் தாங்கியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆண்கள் கைதுக்குத் தப்பித் தலைமறைவானபோது ரயில்வே காலனிகளுக்குள் போலீஸ் புகுந்தது. குடிநீரை நிறுத்தினார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள், குவார்ட்டர்ஸை விட்டுக் குடும்பங்களைச் சாமான்களோடு தெருவுக்குத் தள்ளினார்கள். மே மாத வெயிலில் கைக்குழந்தையோடு நின்று, "அவரை வேலைக்குப் போகச் சொல்ல மாட்டேன்" என்று நின்ற பெண்களுக்கு எந்தச் சங்கத்தின் வரலாற்றிலாவது ஒரு முழு அத்தியாயம் இருக்கிறதா? இருக்க வேண்டும். சங்கங்களிடமும் எனக்கு இந்தக் கோபம் உண்டு.

விசாரணையில்லாமலே சிறையில் வைக்க வழிசெய்யும் மிசா சட்டத்தையும் இந்தியப் பாதுகாப்பு விதிகளையும் அரசு கையில் எடுத்தது. ரயிலை ஓட்ட, பகுதிநேர வீரர்களைக் கொண்ட பிராந்திய ராணுவத்தை இறக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில், ஆயிரக்கணக்கானவர்கள் வேலைநீக்கம். மே 18-ஆம் தேதி பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதற்குப் பிறகு முதல் பக்கத்தில் தொழிலாளிக்கு ஏது இடம்? மே 27-ஆம் தேதி, எந்தக் கோரிக்கையும் நிறைவேறாமல், போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. நீங்கள் சொல்லும் தோல்வி இதுதான். மறுக்கவில்லை. அன்று திரும்பிப் போனவர்கள் தலைகுனிந்துதான் போனார்கள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. அந்த மே மாதத்தில் குடியரசுத் தலைவராக இருந்தவர் வி.வி. கிரி. 1920-களில் பெங்கால் நாக்பூர் ரயில்வேத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் வழிநடத்தியவர். இதே அகில இந்திய ரயில்வே ஊழியர் சம்மேளனத்தின் தலைவராகவும் இருந்தவர். 1954-ல் வங்கி ஊழியர்களுக்குத் தீர்ப்பாயம் கொடுத்ததை அரசு குறைத்தது என்பதற்காக, தொழிலாளர் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வந்தவர். நேரு அமைச்சரவையிலிருந்து தொழிலாளிக்காக வெளியேறிய மனிதர், இருபது ஆண்டு கழித்து ராஷ்டிரபதி பவனில் அமர்ந்திருக்க, அவருடைய பழைய சங்கத்துத் தோழர்களின் பிள்ளைகள் தெருவில் கிடந்தார்கள். 1954-ன் கிரியை நான் மதிக்கிறேன். அதனால்தான் 1974-ன் கிரியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

போனஸுக்கு வருகிறேன். 1977-ல் ஜனதா ஆட்சி வந்து, மது தண்டவதே ரயில்வே அமைச்சராகி, நீக்கப்பட்டவர்களைத் திரும்ப வேலையில் சேர்த்தார். 1979-ல், சரண் சிங் ஆட்சியில், ரயில்வேக்கு உற்பத்தித்திறனுடன் இணைந்த போனஸ் வந்தது. நீங்கள் சொல்லும் '78 நாள்' அந்தக் கிளையில் காய்த்தது. ஆகவே உங்கள் கேள்வியில் வரிசை தலைகீழாக இருக்கிறது. போனஸ் கொடுத்தும் அவர்கள் ரயிலை நிறுத்தவில்லை. ரயிலை நிறுத்திய ஐந்து ஆண்டுக்குப் பிறகுதான் போனஸ் வந்தது. பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள், சிலர் இறந்தே போயிருந்தார்கள். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர்.

அந்த 78 நாளையாவது சரியாக எழுதுகிறோமா? அது ஊழியர் வாங்கும் சம்பளத்தில் 78 நாள் இல்லை. போனஸ் கணக்குக்கு மட்டும் மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் யாராக இருந்தாலும் 17,951 ரூபாய்க்கு மேல் கையில் வராது. 2016 முதல் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே 18,000 ரூபாய். அதில் 78 நாள் என்றால் 46,000 ரூபாயைத் தாண்ட வேண்டும். அதாவது கடைநிலை ஊழியருக்குக்கூட ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேருகிறது. 2024-ல் 11.72 லட்சம் ஊழியர்களுக்கு 2,028.57 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பதினேழாயிரம் சொச்சம் வருகிறது. இந்த வகுத்தலைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். செய்யாமல் '78 நாள் சம்பளம் பரிசு' என்று தலைப்புப் போடும்போது, பக்கத்து வீட்டு கேங்மேன் ஏதோ இரண்டரை மாதச் சம்பளத்தை மொத்தமாக அள்ளிவிட்டார் என்று ஊர் நினைக்கிறது. பொறாமைப்படவும் செய்கிறது. தண்டவாளத்தில் ஆண்டு முழுக்க வெயிலில் நடந்த மனிதருக்கு, கொடுத்ததும் குறைவு, அதற்கு ஊரார் கண்பட்டது மிச்சம்.

எங்கள் உதவி ஆசிரியர்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இந்த ஆண்டு அந்தச் செய்தி வரும்போது நம் இதழில் 'பரிசு', 'சலுகை', 'இனாம்', 'அள்ளித் தந்தது' எதுவும் கூடாது. 'ரயில்வே போனஸ்: அதிகபட்சம் எத்தனை ரூபாய்' என்று தொகையோடு தலைப்பு வரும். கீழே ஒரு வரியில் 1974 மே 8 என்ற தேதியும் இருக்கும். விழுப்புரம் ரயில்வே காலனியில் அந்த இருபது நாளைப் பார்த்த பாட்டிமார் யாராவது இருந்தால், நீங்களே போய்க் கேட்டு எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கமானாலும் போடுகிறேன்.