வீட்டில் நன்றி சொன்னால் அந்நியமாகத் தெரியுமா?

"அலுவலகத்தில் தேங்க்ஸ் சுலபமாக வருகிறது, வீட்டில் மட்டும் வாய் வரவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் வீடுகளில் ‘நன்றி’ என்ற சொல் அவ்வளவாகப் புழங்குவதில்லை. சரி, அந்தச் சொல்லை விடுங்கள். அவர்கள் செய்ததை எடுத்துச் சொல்லுங்கள். "அஞ்சு மணிக்கே எழுந்து டப்பா கட்டினீங்களேம்மா, மத்தியானம் அந்த ரசம் சாதம்தான் தெம்பா இருந்துச்சு" என்றால் போதும். அதில் அந்நியம் எங்கே இருக்கிறது?

அலுவலகத்திலும் இதேதான். வெறும் ‘சூப்பர்’ காற்றோடு போய்விடும். "நீங்க கணக்கை மறுபடி சரிபார்த்ததாலதான் தப்பு தெரிஞ்சுது" என்பது நிற்கும். முடிந்தால் நாலு பேர் முன்னால் சொல்லுங்கள். மேசை துடைக்கும் அக்காவையும் மறக்காதீர்கள்.

தயக்கம் இயல்பு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் பலரை நன்றிக் கடிதம் எழுத வைத்தார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகையாக நினைத்தார்கள். கடிதம் கிடைத்தவர்களுக்கோ, எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக மகிழ்ச்சி.

நானும் தயங்கியவன்தான். தினமும் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டதைப் பற்றி அப்பாவிடம் முப்பது வயதில்தான் பேசினேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மழை வந்தா உன் புத்தகப் பை மேல என் துண்டைப் போத்துவேன், ஞாபகம் இருக்கா?" என்றார். அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.