இந்தோசூக்கஸ் எந்த வகை டைனோசர்? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே, எதை நம்புவது?

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும், புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அபெலிசாரிட் குடும்பம் என்று எழுதுங்கள். நீளம் குறைந்து உயரம் கூடிய மண்டை கொண்ட, இரண்டு காலில் நடந்த ஊனுண்ணிகள். இது சுமார் 6, 7 மீட்டர் நீளம் இருந்திருக்கலாம். கூடவே, 'தனி இனம்தானா என்பது இன்னும் உறுதியாகவில்லை' என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் என் மகளுக்கு மதிப்பெண் குறைத்தார்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். மரக்கதவு விற்பவனுக்கு டைனோசர் எதற்கு என்று யாராவது கீழே எழுதுவார்கள், எழுதட்டும். இந்தக் குழப்பம் எப்படி வந்திருக்கும் என்பது என் தொழில் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும்.

போன வருடம் ஒரு லோடு வந்தது. மூன்று ஊரில் இடித்த வீடுகளின் மரம், ஒரே லாரியில். தேவகோட்டைப் பக்கத்து வீட்டின் வாசல் நிலை என்று சொல்லி இறக்கினார்கள். மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யாளி, நல்ல பர்மா தேக்கு. கதவை நிறுத்திப் பார்த்தால், கதவு சுழல்கிற முளையான குடுமி உட்கார வேண்டிய குழி அரை அங்குலம் தள்ளி இருக்கிறது. நிலை ஒரு வீடு, கதவு வேறு வீடு. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தன் விரலை அந்தக் குழியில் விட்டுப் பார்த்தாள். "அப்பா, இதுதான் ஜபல்பூர்ல நடந்தது" என்றாள். அப்போது எட்டாம் வகுப்பு.

அவள் சொன்னது சரி. இந்தோசூக்கஸ் கிடைத்த மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் படா சிம்லா குன்றில் மேட்லி என்ற ஆங்கிலேயர் தோண்டிய எலும்புகள் ஒரு விலங்கினுடையதாகச் சேர்ந்து கிடக்கவில்லை, பல விலங்குகளுடையவை கலந்து கிடந்தன. அங்கே கிடைத்ததில் ஒன்றுக்கு 1923-இல் லமேட்டாசாரஸ் என்று பெயர் வைத்து, கவசம் போர்த்த டைனோசர் என்றார். இடுப்பும் காலும் ஊனுண்ணியுடையவை, கவசத் தட்டுகள் வேறொரு விலங்குடையவை என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் கதவு மாதிரியேதான். 1933-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஃபான் ஹ்யூனேயும் மேட்லியும் மண்டைத் துண்டுகளை வைத்து இந்தோசூக்கஸ், இந்தோசாரஸ் என்று இரண்டு பெயர் வைத்தார்கள். முதலில் அல்லோசாரஸ் வகை என்றார்கள். அப்புறம் டைரனோசாரஸ் குடும்பம் என்று சிலர் சொன்னார்கள். 1985-இல் அர்ஜென்டினாவில் கிடைத்த அபெலிசாரஸுக்குப் பெயர் வைத்த பிறகுதான் நம்முடையது எந்தச் சாதி எலும்பு என்று புரிந்தது. ஆனால் இந்தோசூக்கஸும் இந்தோசாரஸும் ஒரே விலங்கா, வேறு வேறா என்பது இன்னும் தீரவில்லை. திரும்பப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால் அந்தக் காலத்து எலும்புகளில் சிலவற்றைக் காணவும் இல்லை.

குஜராத்தில் ராஹியோலியில் எடுத்த ராஜாசாரஸ் என்ற இன்னொரு அபெலிசாரிட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1980-களில் தோண்டும்போதே எந்த எலும்பு எங்கே கிடந்தது என்று வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள். 2003-இல் பெயர் வைத்தபோது அந்த வரைபடம்தான் கைகொடுத்தது. நல்ல ஆசாரி வீட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு உத்திரத்திலும் சாக்பீஸால் எண் போட்டுத்தான் இறக்குவார். அந்த எண் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம். இப்போதெல்லாம் ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளிவிடுகிறார்கள். எந்த ஊர், யார் வீடு, எந்தக் கட்டு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பங்காளிகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுக் காசை வாங்கிக்கொள்கிறார்கள். முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கக்கூட நேரம் கொடுப்பதில்லை. எனக்கு இதில் வயிறு எரிகிறது, வியாபாரம் வேறு விஷயம்.

பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன். மகள் சார்ட்டில் இந்த வருடங்களையெல்லாம் எழுதி, கடைசியில் 'உறுதியில்லை' என்று எழுதியிருந்தாள். மதிப்பிட வந்தவர், "தெரியாததை எதுக்கும்மா எழுதுற?" என்று கேட்டு ஐந்து மதிப்பெண் எடுத்துவிட்டார். பரிசோ, கடையில் வாங்கிவந்த எரிமலை மாடலுக்குப் போயிற்று. அவரைக் குறை சொல்லவில்லை, நாற்பது சார்ட் பார்த்த களைப்பாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. எவ்வளவு தெரியும், எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரிந்துதான் எழுதினாள்.

உங்கள் பிள்ளையிடம் கேட்டால் 1933, 1985 இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த நிலையையும் கதவையும் நான் தனித்தனியாகவே விற்றேன், விலை குறைந்துதான் போயிற்று.