காற்புண்ணுக்கு இறுக்கிக் கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு உட்கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். நாளப்புண் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான நாளம் பழுதாகி வரும் புண்) என்கிறார்கள். கிரேப் பண்டேஜ் வாங்கி நாங்களே கட்டலாமா? - வாசகி, உப்புவெளி

பதில்: பரிசோதிக்காமல் கட்டாதீர்கள். முதலில் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 0.8 முதல் 1.3 வரை வந்தால் பொதுவாக முழு அழுத்தம் கொடுக்கலாம். 0.5க்குக் கீழே என்றால் கட்டவே கூடாது. காலுக்கு இரத்தம் குறைவாகவே வருகிறது என்று அர்த்தம்; கட்டினால் வரும் கொஞ்ச இரத்தமும் நின்றுவிடும். சலரோகக்காரருக்கு நாடிகள் (காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்கள்) கல்லாகி எண் பொய்யாகக் கூடிக் காட்டும், அதனால் கால்விரலிலும் அளப்பார்கள். உள்ளங்காலில் வரும் சலரோகப் புண்ணுக்கு வேண்டியது வேறு: பாரம் படாமல் காப்பது.

நாளத்தின் வால்வுகள் பழுதாகி இரத்தம் கீழே தேங்குவதால்தான் இந்தப் புண் ஆறுவதில்லை. ஆகவே கணுக்காலில் சுமார் 40 மில்லிமீற்றர் இரச அழுத்தம் வேண்டும். முழங்காலை நோக்கி அது குறைய வேண்டும். கிரேப் மட்டும் போதாது, சீக்கிரம் தளர்ந்துவிடும்.

தாதி கட்டும்போது கவனியுங்கள். பாதம் 90 பாகையில் மடங்கியிருக்க வேண்டும். முதலில் பஞ்சுப்பட்டி, எலும்பு துருத்தும் இடங்களில் கூடுதலாக. பிறகு விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் இரு விரற்கடை வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூட, ஒரே அளவு இழுவையில் சுற்ற வேண்டும். கெண்டைக்காலில் கூடுதலாக இழுப்பதுதான் வழக்கமான பிழை: கீழே பாதம் வீங்கிவிடும்.

விரல் நீலித்தால், மரத்தால், இரவில் வலி கூடினால் உடனே அவிழ்த்துவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். புண் ஆறிய பின்னும் அழுத்தக் காலுறை தேவை. காலையில் எழும்பும் முன்பே போடுவது நல்லது.