பக்கத்துக் கட்டடத்து வாடகையை நான் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: சென்னை பெருங்குடியில், லிஃப்ட் அடிக்கடி நிற்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், 2,000 சதுர அடி இடத்தில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். 2021இல், கொரோனா நேரத்தில், சதுர அடி 52 ரூபாய்க்குப் பேசி 11 மாத ஒப்பந்தம் போட்டோம். அப்புறம் புதுப்பிக்கவே இல்லை. இப்போது உரிமையாளர், "பக்கத்துக் கட்டடத்தில் 78 போகிறது. அடுத்த மாதம் முதல் அதைக் கொடுங்கள், இல்லாவிட்டால் காலி செய்யுங்கள்" என்கிறார். 10 மாத அட்வான்ஸில் 4 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனு போடும் வழி, 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு போய்விட்டது. 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள புதிய வாடகைச் சட்டப்படி, இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் வாடகை. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, அவர் உங்களைக் காலி செய்ய வைக்க வாடகை நீதிமன்றம் போகலாம்.

அதற்காக, அவர் வாயால் சொன்னதுமே 78 உங்கள் வாடகை ஆகிவிடாது. 52ஐத் தேதி தவறாமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். வாங்க மறுத்தால், அந்தச் சட்டப்படி அரசு நியமித்த வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர் பூட்டுப் போடவோ கரண்ட்டை நிறுத்தவோ முடியாது.

சரி, அந்த 78 எதற்கான விலை? கேபின், ஏசி, ஜெனரேட்டர், கார் பார்க்கிங் எல்லாம் சேர்ந்ததா, வெறும் சுவரும் தரையுமா? படிக்கட்டு, லிஃப்ட், தாழ்வாரத்தில் உங்கள் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கா, சுவர்களுக்குள் இருக்கும் தரையை மட்டும் அளந்த கார்பெட் ஏரியாவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து உங்கள் இடத்தை அளந்து பாருங்கள். உள்ளே 1,400 சதுர அடிதான் தேறுகிறது என்றால், இப்போது கொடுக்கும் 1,04,000 ரூபாயே உண்மையில் சதுர அடிக்கு 74 ரூபாய்க்கு மேல் வருகிறது. பெருங்குடி வழியாகப் போகும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வாடகை ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் பெரிய கம்பெனி மொத்தமாக எடுத்த தளத்தின் விலையை, லிஃப்ட் அடிக்கடி நிற்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குச் சொல்வது பேரம், சட்டம் அல்ல. நான் பார்த்தவரை இப்படிப்பட்ட பேரங்கள் நடுவில் எங்கேயோதான் முடிகின்றன.

எனக்குக் கவலை உங்கள் 4 லட்சம்தான். சண்டை முற்றுவதற்குள், "மொத்த அட்வான்ஸ் 10,40,000 உங்களிடம் இருக்கிறது, புது ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிவிடலாம்" என்று சாதாரணமாக ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பி, அவர் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி வாங்கியவருக்குத்தான் அபராதம். அதைச் சொல்லி மிரட்ட வேண்டாம், அவருக்கே தெரிந்திருக்கும்.

பேசி முடிந்தால் இன்னொரு 11 மாதத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருடமாவது கேளுங்கள், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்பதை எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். காலம் எவ்வளவானாலும் வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். லாக்-இன் காலம், அதாவது ஒப்பந்தத்தை நடுவில் முறிக்கக் கூடாத காலம், உங்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல் வரைவை எனக்கு அனுப்புங்கள்.