நடந்தும் அடிபோனெக்டின் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: வயது 48. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். ஃபேட்டி லிவரும் உண்டு. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பத்து வாரமாகத் தினமும் 40 நிமிடம் நடந்தும் எடை ஒரு கிலோதான் குறைந்தது. ரத்தப் பரிசோதனையில் லெப்டின் (பசியை அடக்கும் ஹார்மோன்) சற்று இறங்கியிருக்கிறது, அடிபோனெக்டின் (இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் ஹார்மோன்) அப்படியே இருக்கிறது, சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் புரதம்) கூடியிருக்கிறது. ஞாயிறன்று வெகுநாள் கழித்து இரண்டு மணி நேரம் ஷட்டில் ஆடினேன். மறுநாள் திங்கள் காலைதான் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். நடந்தது வீணா?

பதில்: வீணே இல்லை. முதலில் அந்த சி.ஆர்.பி. பழக்கமில்லாத கடும் ஆட்டத்தில் தசை இழைகள் நுண்ணியதாகக் கிழியும். அதன் எதிர்வினையாகக் கல்லீரல் ஓரிரு நாள் சி.ஆர்.பி.யைக் கூடுதலாகச் சுரக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அது ஏறியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஷட்டில்தான். கடும் பயிற்சி முடிந்து மூன்று நாள் கழித்து, சளி, காய்ச்சல், பல்வலி எதுவும் இல்லாதபோது மறுபடி எடுங்கள். லெப்டின் இரவில் ஏறிப் பகலில் இறங்குவது. இரண்டு நாள் குறைத்துச் சாப்பிட்டாலே சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அதே லேப், அதே காலை நேரம், வெறும் வயிறு.

லெப்டின், அடிபோனெக்டின் இரண்டும் கொழுப்புத் திசுவில் சுரந்தாலும் போக்கு எதிரெதிர். கொழுப்பு கூடக் கூட லெப்டின் கூடும். அடிபோனெக்டினோ, கொழுப்புச் செல்கள் உப்பும்போது குறையும். அவை, குறிப்பாக வயிற்றுக்குள் இருப்பவை, சுருங்கினால்தான் நன்றாக ஏறும். ஒரு கிலோ இறங்கியதற்கு அது அசையாததில் வியப்பில்லை. (பின்னால் டாக்டர் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தால் அந்த மாத்திரையே அடிபோனெக்டினை நன்கு உயர்த்தும், அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.)

நடை செய்த முக்கியமான வேலை அந்த ரிப்போர்ட்டில் வராது. தசை சுருங்கும்போது குளூட்-4 என்ற சர்க்கரைக் கடத்திகள் இன்சுலின் சொல்லாமலே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். அதன் பிறகும் 24 முதல் 48 மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான். தொடர்ந்து இரண்டு நாள் விட்டால் பலன் கரையும் என்பது இதனால்தான். பயிற்சியின்போது தசை சுரப்பதாகச் சொல்லப்படும் ஐரிசின் என்ற ஹார்மோனுக்கான டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். வேறு புரதங்களையும் ஐரிசின் என்று காட்டிய கிட்டுகள் உண்டு.

உங்களிடம் குறைவது தசைப் பயிற்சி. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்: நாற்காலியில் கைப்பிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் தண்டால், எலாஸ்டிக் பேண்டை மார்புக்கு இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு சிரமமாக இருக்க வேண்டும். சுலபமானால் பேண்டை மாற்றுங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், எழும்போது மூச்சை விடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடையும் சேரட்டும்.

கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும் என்பதால் பயிற்சியைத் தொடங்குமுன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90க்குக் கீழ் என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுக்கம், வியர்வை வந்தால் உடனே நிறுத்தி மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் மாத்திரை அளவை டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும்.

அடுத்த மூன்று மாதத்துக்கு அடிபோனெக்டினை விட்டுவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இன்சுலினும் எடுங்கள். இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவது ஹோமா-ஐ.ஆர்., உடல் இன்சுலினுக்கு எவ்வளவு கேட்க மறுக்கிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது. சர்க்கரை 126ம் இன்சுலின் 16ம் என்றால் 5 வரும். 108ம் 11ம் ஆனால் 2.9. கூடவே ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), இடுப்புச் சுற்றளவு. டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே வைத்து, மூச்சை விட்டபின் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80க்குள் வர வேண்டும்.