சீமைக்கருவேலம் மண்டிய நிலத்தை மல்ச்சர் இயந்திரத்தால் திருத்தலாமா?

முதுகுளத்தூர்ப் பக்கம் நான்கு ஏக்கர் பூர்விக நிலம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தரிசாகக் கிடந்து சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்ட அந்நிலத்தை, மரங்களை நின்ற நிலையிலேயே அரைத்துத் தூளாக்கும் மல்ச்சர் இயந்திரத்தால் திருத்தலாமா, அல்லது வழக்கம்போல் ஜேசிபியை இறக்குவதுதான் சரியா என்று கேட்டிருக்கிறார். பாதி நிலத்தில் குதிரைவாலியும் மீதியில் கொய்யாவும் வைக்க அவருக்கு எண்ணம்.

மல்ச்சர் என்பது உருளையில் பதித்த கெட்டியான பற்கள் வேகமாகச் சுழன்று செடியையும் மரத்தையும் சில்லுகளாகச் சிதைத்து, அங்கேயே மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பிவிடும் இயந்திரம். அது மேல்மண்ணைப் பெரும்பாலும் கலைப்பதில்லை. ஜேசிபியின் வாளியோ தூரோடு சேர்த்து நல்ல மண்ணையும் வழித்து வரப்போரம் குவித்துவிடும். பல ஆண்டுகள் இலை உதிர்ந்து மக்கிய மண் அது. சீமைக்கருவேலம் பயறு இனத்தைச் சேர்ந்ததாகையால் அதன் அடி மண்ணில் தழைச்சத்தும் சேர்ந்திருக்கும். அந்த மண்ணை இழப்பது, நிலம் திருத்துவதில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் சீமைக்கருவேலத்தின் உயிர் மண்ணுக்கு மேலே இல்லை. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் கூடும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே அரைத்துவிட்டால், அடுத்த மழைக்கு ஒரே தூரிலிருந்து பல கிளைகள் துளிர்த்து, முன்பு ஒற்றை மரமாக நின்றது புதராகிவிடும். 1870களில் விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட மரம் இது. வெட்ட வெட்டத் தழைப்பது விறகுக்குத் தேவைப்பட்ட குணம், உழவனுக்கோ அதுவே தொல்லை. எனவே தூரை ஏறத்தாழ ஓர் அடி ஆழத்தில் வேரறுத்து எடுக்காமல், மல்ச்சரை மட்டும் நம்பிப் பணம் செலவிட வேண்டாம். உண்ணிச்செடி போன்ற புதர்கள் மட்டும் மண்டிய நிலமாக இருந்தால்கூடத் துளிர்ப்பைக் கண்காணிக்க வேண்டியிருக்கும்; சீமைக்கருவேலத்துக்கு அது பல மடங்கு பொருந்தும்.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்லும் முறை இரண்டையும் கலந்தது. முதலில் பருத்த மரங்களை வெட்டி விற்றுவிடுங்கள். உங்கள் பகுதியில் கரிமூட்டம் போடுபவர்கள் இதைத் தேடி வாங்குவார்கள். விலைபோகும் விறகை வாடகை கொடுத்துத் தூளாக்குவதில் பொருளில்லை. அதன்பின் எஞ்சும் சிறு கிளைகளையும் புதர்களையும் மல்ச்சரால் அரைக்கலாம். வாடகைக்குப் பேசும்போதே, அது மரம் அரைக்கும் இயந்திரமா, அல்லது வைக்கோலையும் கரும்புத் தோகையையும் நறுக்கும் டிராக்டர் இணைப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னதைக் கட்டைமேல் ஓட்டினால் கத்திகள் உடையும். ஓடும்போது சில்லும் கல்லும் வெகுதூரம் தெறிக்குமாதலால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் ஆளோ ஆடுமாடோ நிற்கக் கூடாது. பிறகு தூர்களை ஒவ்வொன்றாக, வாளியால் வழிக்காமல் நெம்பி எடுக்கச் சொல்லி, வேரில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

வேலையை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஈரம் இருந்தும் வண்டி புதையாத தை, மாசியில் வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்து இறுகிய மண்ணில் வேர் பாதியில் அறுந்து தங்கிவிடும். கோடை வரை விட்டால் காய்கள் பழுத்து உதிரும். அந்தக் காயைத் தின்ற மாட்டின் சாணத்தில் விதை முளைப்புத்திறனோடு வெளிவரும் என்பதால், திருத்திய நிலத்தில் அத்தகைய மாடுகளைக் கிடை அமர்த்த வேண்டாம்.

இயந்திரம் இறங்குமுன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்த்து, காக்க வேண்டிய மரங்களில் துணி கட்டுங்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணிகோத்ததுபோல் இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ கதிராக நீளும். வன்னிக்கும் பூ கதிர்தான், ஆனால் அதன் முள் கணுவில் இல்லாமல் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். பனை நின்றால் தொடாதீர்கள். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

குதிரைவாலி விதைக்கும் பகுதியில் மரத்தூளை மண்ணோடு கலந்து உழாதீர்கள். அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளுத்துப்போகும். தூளை வாரிக் கொய்யாப் பகுதிக்கு மாற்றி, கன்றின் தண்டைத் தொடாமல் நான்கு விரற்கடைக் கனத்துக்கு மூடாக்காக இடலாம். அரைத்த பின்னும் முள் முனைகள் அதில் கிடக்கும். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும், டிராக்டர் டயரையும் பஞ்சராக்கும் என்பதால் முதல் ஆண்டு கனத்த பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். காய்ந்த தூளில் தீயும் எளிதில் பரவும்; எல்லையோரம் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வெறும் தரையாக விடுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு மண்ணில் கிடந்த விதைகள் கூட்டமாக முளைக்கும். கன்று விரல் நீளம் இருக்கையில் ஈரத்தில் பிடுங்கினால் வேரோடு வரும். ஒரு பருவம் விட்டால் கடப்பாரை வேண்டும். விதைகள் பல ஆண்டு உயிரோடு கிடக்கக்கூடியவை. ஆகவே குறைந்தது மூன்று மழைக்காலங்களுக்குக் களைபிடுங்கும் கூலியையும் இப்போதே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இடமில்லையென்றால், நான்கு ஏக்கரையும் ஒரே ஆண்டில் திருத்தாமல், இந்த ஆண்டு கவனிக்க முடிந்த ஓர் ஏக்கரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.